நிலத்துக்கு ஏற்ற இலை

இலைக்கு இரண்டு தேவைகள்: வெயில், காற்றிலுள்ள கரியமில வாயு. வெயிலைப் பிடிக்க அது விரிந்து நிற்க வேண்டும். வாயுவை உள்ளே எடுக்கத் தோலிலுள்ள நுண்துளைகளைத் திறந்து வைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. இலையின் உட்புறமோ ஈரம் நிறைந்தது. துளை திறந்தால் வாயு மெல்ல உள்ளே வரும், நீர் ஆவியாகி விரைவாக வெளியே போகும். நெல், வேம்பு, மா போன்ற பெரும்பாலான தாவரங்கள் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவை உணவாக்குவதற்குள் ஏறத்தாழ 400 மூலக்கூறு நீரை இழக்கின்றன. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி செடியின் உடலில் தங்குவதே இல்லை. இலை வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது.

இந்த இழப்பைத் தாங்கும் நிலம் உண்டு, தாங்காத நிலமும் உண்டு. இலைகளின் அளவிலும் பருமனிலும் தோலிலும் மயிரிலும் நாம் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதி, அந்தந்த நிலத்தில் நீர் எவ்வளவு கிடைக்கும், எந்த மாதத்தில் கிடைக்கும், எந்தச் சுவையில் கிடைக்கும் என்பதிலிருந்து பிறந்தது.

தமிழில் இலைக்கு ஒரே பெயர் இல்லை. நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை, மாமரத்துக்கு இலை. தொல்காப்பியத்தின் மரபியல் புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. ஓலை, மடல் என்ற சொற்களைப் புல்லுக்கும், இலை, தளிர் என்ற சொற்களை மரத்துக்கும் உரியவையாகச் சொல்கிறது. அந்த வகைப்பாட்டில் பனையும் தென்னையும் புல்லே. இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று போடும் கோடும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் ஓடுகிறது. ஒருவித்திலைத் தாவரங்களின் இலை நரம்புகள் பொதுவாக இணைகோடுகளாகச் செல்லும். இருவித்திலையில் வலைபோல் பின்னிக் கிடக்கும். கண்ணால் பார்த்தே இந்த வேறுபாட்டைப் பிடித்துப் பெயரிட்ட மொழி இது என்பதைப் பெருமையோடு குறிப்பிடலாம்.

தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட வெளிகளில் குடை விரித்தாற்போல் உடை மரங்கள் நிற்கும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் பொடிப்பொடியாகத் தெரியும். ஒவ்வோர் இலையும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதே காரணம். கருவேலம், சீமைக் கருவேலம், புளி எல்லாமே இந்த வழியைப் பின்பற்றுகின்றன. சிறிய இலைக்கு என்ன நன்மை? எந்தப் பரப்பின்மீதும் அசையாத காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இலை அகலமாக இருந்தால் அந்தப் படலம் தடிக்கும், உள்ளே சேர்ந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. காற்று அடங்கிய நண்பகலில் அகன்ற இலை சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி சூடேறிவிடும். அதைத் தணிக்க நீரை ஆவியாக்குவது ஒன்றே வழி. சிற்றிலையில் படலம் மெல்லியது. வீசுகிற காற்றே வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. நீர் செலவில்லாமல் குளிர்ச்சி கிடைக்கிறது. புளியின் சிற்றிலைகள் மாலையில் இணையிணையாக மடிந்தும் கொள்கின்றன.

வெப்பம் மட்டுமே இலையின் அளவை முடிவு செய்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இயன் ரைட் தலைமையிலான குழு, உலகெங்கும் 682 இடங்களிலிருந்து 7,670 தாவர இனங்களின் இலை அளவுகளைத் திரட்டி ஆராய்ந்தது. உலகின் பல பகுதிகளில் பகல் வெப்பத்தைவிட இரவுக் குளிரே பெரிய இலைகளுக்குத் தடையாக இருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. மேகமற்ற இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தடித்த காற்றுப் படலத்தால் மூடப்பட்ட பெரிய இலை, சுற்றுப்புறக் காற்றிலிருந்து அந்த இழப்பை ஈடுகட்ட முடியாமல் உறைநிலைக்குப் போய்விடும். பாலை நிலத்து மரமும் பனி உறையும் மலை உச்சி மரமும் ஒரேபோலச் சிறிய இலை கொண்டிருப்பதன் விளக்கம் இதில் கிடைக்கிறது.

அப்படியானால் தேக்கின் இலை ஏன் முறம்போல் இருக்கிறது? முதுமலையிலும் ஆனைமலை அடிவாரத்திலும் தேக்கு வளரும் காடுகளில் மழை சில மாதங்களுக்குக் கொட்டும், மற்ற மாதங்களில் வறளும். தேக்கு மழைக்காலத்தில் பெரிய இலைகளை விரித்துத் தாராளமாக நீரைச் செலவழித்து உணவு சேர்க்கும். கோடை நெருங்கும்போது இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு நிற்கும். ஐரோப்பாவின் மரங்கள் குளிருக்கு அஞ்சி இலை உதிர்க்கின்றன, நம் மரங்கள் வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கின்றன. இதில் வியப்பான ஒன்று உண்டு. புங்கை, வேம்பு, அரசு ஆகியவை மழைக்குக் காத்திருப்பதில்லை. பங்குனி, சித்திரையின் கொடும் வெயிலிலேயே துளிர்த்துவிடுகின்றன. ஆழத்திலுள்ள நீரை எட்டும் வேரும், முதிர்ந்த இலைகள் போனதால் உடலில் மிஞ்சிய ஈரமும் அதற்கு உதவுகின்றன. மழை வரும்போது இலை ஏற்கெனவே முற்றித் தயாராக இருக்கும்.

சோழமண்டலக் கடற்கரையின் காடுகள் தேக்கின் வழியைப் பின்பற்றுவதில்லை. கோடியக்கரையில் பாலை மரமும் காசாவும் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கின்றன. அவற்றின் இலைகள் சிறியவை, தோல்போல் தடித்தவை, மேலே பளபளப்பானவை. அந்தப் பளபளப்பு கியூட்டிகிள் என்னும் மெழுகுப் பூச்சினால் வருவது. துளைகள் மூடியிருக்கும்போது தோல் வழியே நீர் கசியாமல் அது காக்கிறது. இத்தகைய இலையைக் கட்டச் செலவு அதிகம். அதனால் மரம் அதை எளிதில் கைவிடுவதில்லை.

நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளி வளர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தார்ச் சாலையின் அனலையும் புகையையும் தாங்கி அது பூப்பதற்கு அதன் இலையே காரணம். அரளி இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. இலைத்துளைகள் அந்தக் குழிகளுக்குள் பதுங்கியுள்ளன. குழியின் வாயை மயிர்கள் மறைக்கின்றன. வெளியே காற்று அடித்தாலும் குழிக்குள் ஈரக் காற்றே தேங்கி நிற்கும். எருக்கு வேறொரு வழி கண்டது. அதன் இலைமீது மாவு தூவினாற்போல் படிந்திருக்கும் வெண்மை வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. சதுரக்கள்ளியில் சிற்றிலைகள் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும், பச்சைத் தண்டே உணவு தயாரிக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே வேலியான சப்பாத்திக்கள்ளியில் இலைபோல் தோன்றும் தட்டை தண்டுதான். உண்மையான இலைகள் முள்ளாகிவிட்டன. சவுக்கு மரத்தின் ஊசிகளும் அப்படியே. அவை பச்சை நிறக் கிளைகள். இலைகள் கணுக்களைச் சுற்றிப் பல் வைத்தாற்போன்ற செதில்களாகச் சுருங்கியிருக்கின்றன.

உருவத்தை மாற்றுவதோடு நேரத்தை மாற்றிக்கொண்ட தாவரங்களும் உண்டு. இதை உலகுக்கு முதலில் எழுதித் தெரிவித்தவர்களில் ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்து 1819-இல் சென்னையில் மறைந்த பெஞ்சமின் ஹெய்ன். தோட்டத்திலிருந்த ரணகள்ளியின் இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் சுக்கான் கீரை அளவுக்குப் புளித்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசாகக் கசந்தது. இந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815-இல் அச்சானது. புளிப்பின் காரணம் பிற்காலத்தில் தெளிவானது. ரணகள்ளி இரவில் துளைகளைத் திறந்து, குளிர்ந்த ஈரக் காற்றில் கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. பொழுது விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து வெயிலின் உதவியால் உணவாக்குகிறது. அமிலம் தீரத் தீரப் புளிப்பும் குறைகிறது. சோற்றுக்கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி எல்லாம் இந்த முறையில் வாழ்பவை. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவுக்கு இவை இழக்கும் நீர் ஏறத்தாழ 50 மூலக்கூறுகளே. ஆனால் ஓர் இரவில் சேமிக்கக்கூடிய அமிலத்துக்கு அளவு உண்டு. அதனால் இவற்றில் பெரும்பாலானவை மெதுவாகவே வளர்கின்றன.

சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை இடைப்பட்ட வழியில் செல்கின்றன. இவற்றின் இலையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் பெரிய பச்சைச் செல்கள் மாலைபோல் சூழ்ந்திருக்கும். ஜெர்மன் மொழியில் மாலையைக் குறிக்கும் சொல்லாலேயே இதற்குக் கிரான்ஸ் அமைப்பு என்று பெயர். வெளிச்செல்கள் கரியமில வாயுவைப் பிடித்து உள்ளே தள்ளுகின்றன. மாலைச் செல்களில் அது அடர்த்தியாகச் சேர்கிறது. உணவாக்கும் நொதியான ரூபிஸ்கோவுக்கு ஒரு குறை உண்டு. வெப்பம் கூடும்போது கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைத் தவறாகப் பிடித்துவிடும். வாயு அடர்ந்திருக்கும் இடத்தில் இந்தத் தவறு மிகவும் குறையும். துளைகளைப் பாதி மூடிவைத்தும் வேலை நடக்கும். நீர் இழப்பு ஏறத்தாழ 150 மூலக்கூறுகளாக இறங்கிவிடுகிறது. 1966-இல் ஆஸ்திரேலியாவில் கரும்பு இலையை ஆராய்ந்த ஹாட்ச், ஸ்லாக் இருவரும் இந்த வழியை விளக்கினார்கள். கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாகக் கம்பும் சோளமும் விளைவதற்கும், நெல் எப்போதும் நீரைக் கேட்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இலையின் உள்ளமைப்புக்குப் பெரும் பங்கு இருக்கிறது. புல் இனத்துக்கு இன்னொரு தற்காப்பும் உண்டு. மேல்தோலில் விசிறி வடிவில் அமைந்த பெரிய செல்கள் நீர் இழந்து தளரும்போது இலை நீளவாக்கில் சுருண்டுகொள்ளும். நண்பகலில் சுருண்ட சோளத் தோகை மாலையில் விரிந்தால் உழவர் கவலைப்படுவதில்லை. காலையிலும் சுருண்டே இருந்தால்தான் பயிர் வாடுகிறது என்று பொருள்.

காற்றும் இலையை வடிக்கிறது. வாழை இலையின் கிளை நரம்புகள் நடுநரம்பிலிருந்து விளிம்பு நோக்கி இணையாக ஓடுகின்றன. விளிம்பைக் கட்டிப் பிடிக்கும் உறுதியான நரம்பு கிடையாது. பலத்த காற்றில் இலை நார்நாராகக் கிழியும். கிழிந்த இலை கெட்டுப்போன இலை என்று தோன்றலாம். உண்மையில் கீற்றுகளான இலை காற்றுக்கு வழிவிட்டு மரத்தைச் சாயாமல் காக்கிறது, வெயிலில் விரைவாகக் குளிரவும் செய்கிறது. தென்னை இதை முன்கூட்டியே செய்துகொள்கிறது: குருத்தில் ஒரே தகடாக மடிந்திருக்கும் ஓலை, விரியும்போது மடிப்புகளின் வழியே கீற்றுகளாகப் பிரிந்துவிடும். பனையோ மடிப்பை விடாமல் வைத்துக்கொண்டது. ஒரு தாளை விசிறிபோல் மடித்தால் அது எளிதில் வளையாது; பனையோலையின் விறைப்பும் அதே விதியில் அமைந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் மணற்காற்றில் பனை ஆடாமல் நிற்பதற்கு வேரோடும் தண்டோடும் இந்த மடிப்பும் துணை. நெருக்கமான நாரும் தடித்த மேல்தோலும் கொண்ட அந்த ஓலைதான் தமிழின் ஏட்டுச் சுவடிகளைத் தாங்கியது. வறண்ட நிலத்துக்காக உருவான ஓர் இலையின் உறுதியால் ஓர் இலக்கியம் பிழைத்தது என்று சொல்வது மிகையாகாது.

நீர் பெருகிக் கிடக்கும் இடத்தில் சிக்கல் தலைகீழாகிறது. அங்கே காற்றுதான் அரிது. வேலம்பாசி முழுவதும் நீருக்குள் வாழ்வது, அதன் இலை பெரும்பாலும் இரண்டு செல் தடிமனே கொண்டது, துளைகள் இல்லை, நீரில் கரைந்த வாயுவைத் தோல் முழுவதாலும் ஈர்த்துக்கொள்கிறது. வெளியே எடுத்து வைத்தால் சில நிமிடங்களில் துவண்டுவிடும். அல்லியும் தாமரையும் துளைகளை இலையின் மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. நிலத்து மரங்களில் பெரும்பாலும் அவை அடிப்பக்கம் இருக்கும். மேற்பரப்பில் நீர் தேங்கினால் துளைகள் அடைபடும். அதனால் தாமரை இலை நீரை ஒட்டவிடுவதில்லை. தாமரை இலைத் தண்ணீர்போல என்ற சொல் ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதற்கு உவமையாகக் காலங்காலமாக வழங்குகிறது. அதன் காரணத்தை 1997-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் விரிவாக விளக்கினார்கள். இலைமீது கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின்மீது மெழுகு இழைகள் படர்ந்திருக்கின்றன. நீர்த்துளி மேட்டு நுனிகளில் மட்டுமே தொட்டு, அடியில் காற்றை வைத்துக்கொண்டு முத்தாக உருள்கிறது. உருளும்போது தூசியையும் காளான் வித்துகளையும் வாரிக்கொண்டு போகிறது. சேற்றில் வளரும் இலை தூய்மையாக இருப்பது இதனால்தான். காம்பின் உள்ளே நீளும் குழாய்கள் வழியாக, மேலே வாங்கிய காற்று சேற்றிலுள்ள கிழங்குவரை செல்கிறது. நெல் இலையும் நீரை ஒட்டவிடாத வகையே. வெள்ளத்தில் மூழ்கும்போது அதன்மீது வெள்ளி முலாம்போல் மெல்லிய காற்றுப் படலம் ஒட்டியிருக்கும். சில நாட்கள் பயிர் தாக்குப்பிடிக்க அது உதவுகிறது.

கடலோரத்தில் நீர் கண்முன்னே இருந்தும் குடிக்க முடியாது. பிச்சாவரத்தின் வெண்கண்டல் உப்பு நீரை உறிஞ்சி, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியேற்றுகிறது. வெயில் ஏறியதும் இலைமேல் உப்புப் படிகங்கள் மின்னும். நாவால் தொட்டால் கரிக்கும். அதன் அருகிலேயே நிற்கும் சுரபுன்னை, உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. ஆயினும் உப்பு நீரிலிருந்து நன்னீரைப் பிரித்து இழுப்பது கடினம் என்பதால் கிடைத்ததை வீணாக்குவதில்லை. இலைகள் தடித்து உள்ளே நீர் சேர்க்கும் செல்களுடன் இருக்கின்றன, உச்சி இலைகள் வெயிலுக்கு முகம் கொடுக்காமல் நிமிர்ந்து நிற்கின்றன. சேற்று விளிம்பில் வளரும் உமரி தன் சிறிய சதைப்பற்றுள்ள இலைகளில் உப்பை நீரோடு கலந்து அடக்கி வைக்கிறது. கீரையாக அதைச் சமைப்பவர்கள் உப்பைக் குறைத்துப் போடுவது இதனால்தான். மணல்மேட்டில் படரும் அடம்பின் ஆட்டுக் குளம்பு வடிவ இலைக்கும் சதைப்பற்று உண்டு. இராவணன் மீசையோ இலை நுனியை ஊசியாக்கிக்கொண்டு மணலோடு பறக்கும் காற்றை எதிர்கொள்கிறது.

மலைமீது ஏறினால் வேறு உலகம். ஆனைமலையின் மழைக்காட்டில் ஒரே நாளில் பலமுறை இலை நனையும். நனைந்த இலைமீது பாசியும் காளானும் குடியேறும், வெளிச்சம் மறையும். அங்குள்ள பல மரங்களின் இலை நுனி வால்போல் நீண்டிருக்கிறது. நீர் அதன் வழியே வடிந்துவிடுகிறது. ஊர்க்கோடியில் நிற்கும் அரச மரத்தின் இலையிலும் இந்த வாலைப் பார்க்கலாம். காட்டின் தரையில் வளரும் செடிகளுக்கு நூற்றில் ஓரிரு பங்கு வெளிச்சமே எட்டுகிறது. அவற்றின் இலைகள் அகன்று மெலிந்திருக்கும். இன்னும் மேலே, 1,800 மீட்டரைத் தாண்டிய நீலகிரி, பழனிமலைச் சோலைகளில் மரங்கள் குள்ளமாகி, இலைகள் சிறுத்துத் தடிக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் உறைபனி, பகலில் கூர்மையான வெயில், நாள் முழுவதும் காற்று என்று மூன்றையும் அவை தாங்க வேண்டும். காட்டுப் பூவரசின் இலை அடியில் கம்பளிபோல் மயிர் அடர்ந்திருக்கிறது. சோலையின் தளிர்கள் சிவப்பாக விரிவதும் கண்கொள்ளாக் காட்சி. இளம் இலையில் பச்சையம் நிறையும்வரை ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி மிகையான ஒளியிலிருந்து அதைக் காக்கிறது. மாந்தளிரின் நிறமும் இதுவே. பழந்தமிழ் அந்த நிறத்துக்கு மாமை என்று தனிப்பெயர் வைத்துப் பெண்களின் மேனிக்கு உவமை சொன்னது.

உணவு தயாரிப்பதைத் தாண்டி வேறு வேலைகளை ஏற்ற இலைகளும் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறுகிறது. தழைச்சத்து இல்லாத ஈரமண்ணில் வளரும் அழுகண்ணி, இலை மயிர்களின் நுனியில் பனித்துளிபோல் பசையைச் சுரந்து பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கிறது. மேகாலயாவிலும் இலங்கையிலும் வளரும் குடுவைத் தாவரங்களில் இலையின் நுனியே மூடியுள்ள குடமாகிவிட்டது. வெளிச்சமும் நீரும் இருந்தும் மண்ணில் சத்து இல்லாத இடத்துக்கு ஏற்ற தீர்வு இது.

ஒரே மரத்துக்குள்ளும் இலைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மாமரத்தின் உச்சியில் வெயிலில் வளர்ந்த இலையையும், கிளைகளின் உள்நிழலில் வளர்ந்த இலையையும் பறித்து ஒப்பிட்டால் முதலாவது தடித்தும் இரண்டாவது மெலிந்தும் இருப்பது விரலுக்கே தெரியும். பலாவின் கன்றில் இலைகள் சில மடல் பிரிந்து காணப்படும்; வளர்ந்த மரத்தில் அவை முழுமையாகிவிடும். வளரும் இடத்துக்கு ஏற்ப ஒவ்வோர் இலையும் தன்னைச் சற்றே திருத்திக்கொள்கிறது.

காற்று மாறும்போதும் இந்தத் திருத்தம் நடக்கிறது. 1987-இல் இங்கிலாந்தின் இயன் உட்வார்ட், இருநூறு ஆண்டுகளாகச் சேகரித்து உலர்த்தி வைக்கப்பட்டிருந்த மர இலைகளை நுண்ணோக்கியில் வைத்துத் துளைகளை எண்ணினார். அந்தக் காலத்துக்குள் துளைகளின் அடர்த்தி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. காற்றில் கரியமில வாயு கூடக்கூட, அதே அளவு வாயுவைப் பெறக் குறைவான துளைகளே போதுமானவையாக இருந்தன. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு, அவர் எண்ணிய காலத்தில் 340-ஐத் தாண்டியிருந்தது. இன்று அது 420-ஐயும் தாண்டிவிட்டது.